மலையில் சிக்னலைக் கணிக்க எந்தக் கணக்கை எடுப்பது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் ஒரு வளைவில் போன் நன்றாகப் பேசும். அடுத்த கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் ‘சேவை இல்லை’ என்று காட்டும். பெரிய தூரம் ஒன்றும் நகர்ந்திருக்க மாட்டோம், டவரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். நடுவில் ஒரு முகடு வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த மாதிரி நிலத்தில் புது டவரை எங்கே நிறுத்துவது, எஸ்டேட்டின் வாக்கிடாக்கி ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) எந்த மேட்டில் வைப்பது என்று முடிவெடுப்பவர்கள் கம்பத்தை நட்டபிறகு யோசிக்க முடியாது. முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும்.

கணிப்பு முறைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. நடைமுறையில் பேச்சுக்கு வருபவை நான்கு: ஹாட்டா, லாங்லி-ரைஸ், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் பி.1812, ரே டிரேசிங். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்கு பி.1812, அதை ஓட்ட வசதி இல்லையென்றால் லாங்லி-ரைஸ். சமவெளிக்கு ஹாட்டா போதும். ரே டிரேசிங் பெருநகரத்துக்கு. ஆனால் மலையில் பல இடங்களில் விடையை மாற்றுவது சூத்திரம் அல்ல, அதற்குள் நாம் போடும் உயரப்படம், அதாவது நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் தரவு. அதனால் ஒப்பீட்டில் அதற்கும் தனி இடம் கொடுக்கப்போகிறேன்.

ஹாட்டா: நான்கு எண், மூன்று பொத்தான்

யோஷிஹிசா ஒகுமுராவும் அவர் குழுவும் டோக்கியோவிலும் சுற்றுப்புறத்திலும் அளந்து எடுத்த சிக்னல் அளவுகளை 1968-ல் வளைகோடுகளாக வெளியிட்டார்கள். வளைகோட்டைக் கண்ணால் படித்துக் கணக்கிடுவது கம்ப்யூட்டருக்குத் தோதுப்படாது. 1980-ல் மசாஹாரு ஹாட்டா அவற்றைச் சூத்திரங்களாக மாற்றினார். அலைவரிசை, டவர் உயரம், போன் உயரம், தூரம் என்று நான்கே எண்களைக் கொடுத்தால் எக்செல்லில் ஒரு வரியில் விடை வந்துவிடும். கல்லூரிப் பாடத்திலிருந்து திட்ட அறிக்கை வரை இது பரவியதற்கு அந்த எளிமைதான் காரணம்.

எல்லைகளும் தெளிவாகவே இருக்கின்றன. 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ், டவர் 30 முதல் 200 மீட்டர், தூரம் 1 முதல் 20 கிலோமீட்டர். 1800 பேண்டுக்காக காஸ்ட்-231 என்ற நீட்டிப்பு 2000 மெகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனது. இன்றைய 5ஜி ஓடும் 3500 பக்கம் இரண்டுமே எட்டாது.

இதில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 900 மெகாஹெர்ட்ஸ், 30 மீட்டர் டவர், கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் போன், தூரம் 5 கிலோமீட்டர். ஹாட்டா சூத்திரத்தில் ‘நகரம்’ என்று தேர்ந்தெடுத்தால் வழியில் ஏற்படும் இழப்பு 151 டெசிபெல் (இந்த அலகில் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்). ‘புறநகர்’ என்றால் 141. ‘திறந்தவெளி’ என்றால் 122.5. டவரின் சக்தி 40 வாட், 4ஜி-யில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஆண்டெனா ஆதாயம் 15, கேபிள் இழப்பு 2 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், போனில் தெரியும் ஆர்எஸ்ஆர்பி (வந்துசேரும் சிக்னலின் பலம், மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் மோசம்) முறையே -120, -110, -91 வாக்கில் வரும். -91-ல் வீடியோ ஓடும். -110-ல் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கலாம். -120-ல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரே இடத்துக்கு, ஒரு பொத்தானை மாற்றியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

அந்த 5 கிலோமீட்டருக்கு நடுவில் மலை இருக்கிறதா, இல்லையா? சூத்திரம் அதைக் கேட்கவே இல்லை. ஒகுமுரா கேட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலை அலையான மேடுபள்ளம், தனித்து நிற்கும் முகடு, சரிவு, நீரும் நிலமும் கலந்த பாதை என்று தனித்தனித் திருத்த வளைகோடுகள் அவர் ஆய்வில் உண்டு. ஹாட்டா சூத்திரமாக்கியது ஏறக்குறைய சமமான நிலத்துக்கான பகுதியை மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது நாம்தான்.

மலையில் இன்னொரு சிக்கல் டவர் உயரத்தில் வருகிறது. இந்த மரபில் ‘டவர் உயரம்’ என்பது தரையிலிருந்து கம்பத்தின் நீளம் அல்ல. 3 முதல் 15 கிலோமீட்டர் தூரம் வரையுள்ள நிலத்தின் சராசரி மட்டத்துக்கு மேல் ஆண்டெனா எவ்வளவு நிற்கிறது என்பது. குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1850 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அந்தத் திசையில் பார்த்தால் குன்னூர் விளிம்பில் நிற்கும் ஒரு டவரின் உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். ஊட்டி 2240 மீட்டர். அந்தத் திசையில் அதே டவரின் உயரம் மைனஸில்கூடப் போகலாம். மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் கிடையாது. சூத்திரம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் என்ன செய்வார்கள்? பேசாமல் கம்பத்தின் 40 மீட்டரைப் பெட்டியில் தட்டிவிட்டு, வட்டமாக ஒரு வரைபடத்தை எடுத்து அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள். மலையில் வட்டமான கவரேஜ் படத்தைக் கண்டால் ஹாட்டாதான் உள்ளே இருக்கிறது என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லிவிடலாம்.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனால் இதே ஹாட்டா கௌரவமாக வேலை செய்யும். நிலம் தட்டை, டவருக்கும் போனுக்கும் நடுவில் வயலும் தென்னந்தோப்பும்தான். அங்கே இதைவிடக் கனமான முறையைத் தேடிப்போக நான் காரணம் பார்க்கவில்லை.

முகடு என்ன செய்கிறது

அதே 5 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். டவரிலிருந்து 4-வது கிலோமீட்டரில் ஒரு முகடு. டவர் உச்சியையும் போனையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு மேலே அது 60 மீட்டர் தலைதூக்கி நிற்கிறது. ரேடியோ அலை முகட்டின் விளிம்பில் வளைந்து கொஞ்சம் கீழே இறங்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. முகட்டை ஒரு கூரிய விளிம்பாக வைத்துப் போடும் கத்தி முனைக் கணக்குப்படி 900 மெகாஹெர்ட்ஸில் அந்த விலை 27 டெசிபெல். நடுவில் எதுவுமே குறுக்கிடாத வெட்டவெளியில் (ஹாட்டாவின் ‘திறந்தவெளி’ அல்ல) 5 கிலோமீட்டருக்கான இழப்பு 105.5. கூட்டினால் 132.5. ஹாட்டாவின் மூன்று விடைகளில் எதுவுமே இது இல்லை.

அலைவரிசையை மாற்றிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். அதே முகடு 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கியிடம் 19.5 டெசிபெல்தான் வாங்கும். 700-ல் 26, 1800-ல் 30, 3500-ல் 33. வெட்டவெளி இழப்பும் அலைவரிசை ஏற ஏறக் கூடுவதால் வித்தியாசம் இரட்டிப்பாக உறைக்கும். 5ஜி வந்தும் மலைக்கிராமத்தில் போன் 4ஜி-யிலேயே, அதுவும் கீழ் பேண்டுகளிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, மலையில் ஒரு முறை முதலில் பாஸாக வேண்டிய பரீட்சை இதுதான்: டவரிலிருந்து போன் வரை நிலத்தின் குறுக்குவெட்டை அது பார்க்கிறதா? லாங்லி-ரைஸ், பி.1812 இரண்டும் பார்க்கின்றன.

லாங்லி-ரைஸ்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டரில் இருந்த அரசு ஆய்வகத்தில் அனிதா லாங்லியும் ஃபில் ரைஸும் 1968-ல் வெளியிட்டது. 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். அந்நாட்டில் தொலைக்காட்சி நிலையங்களின் வீச்சைக் கணக்கிட இன்றும் இதுதான் அடிப்படை. நிரல் பொதுவில் கிடைக்கிறது. ‘ரேடியோ மொபைல்’, ‘ஸ்ப்ளாட்’ போன்ற இலவச மென்பொருள்களின் உள்ளே ஓடுவதும், மெஷ்டாஸ்டிக் என்ற சிறு ரேடியோ வலையமைப்பின் ஆர்வலர்கள் பயன்படுத்தும் தளத் திட்டமிடு கருவிக்குள் இருப்பதும் இதுவே. பைசா செலவில்லாமல் இன்று மாலையே ஆரம்பிக்கலாம் என்பது சின்ன விஷயமல்ல.

குறைகள்? முதலாவது, மரமும் கட்டடமும் இதற்குத் தெரியாது. மொட்டை நிலத்தின் மேல்தான் கணக்கு. இரண்டாவது, குறுக்குவெட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாலும், டவரிலிருந்து பார்த்தால் தெரியும் அடிவானம், போனிலிருந்து பார்த்தால் தெரியும் அடிவானம் இரண்டுக்கும்தான் பெரிய மதிப்புக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு முகடு ஒளிந்திருந்தால் அதைத் தனியாக எண்ணாது. வால்பாறை மாதிரி முகடுக்குப் பின் முகடாக அடுக்கியிருக்கும் இடத்தில் இது கொஞ்சம் நம்பிக்கை மிகுந்த விடையையே தரும்.

மென்பொருளில் ஒரு சின்ன பெட்டியையும் கவனிக்க வேண்டும். ‘ரேடியோ தட்பவெப்பம்’ என்று கேட்கும். ஸ்ப்ளாட்டில் யாரும் தொடாவிட்டால் அது ‘கண்டத்து மிதவெப்பம்’, ஒளிவிலகல் எண் (காற்று அலையை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு) 301 என்று நிற்கும். அது நம் ஊர் காற்று இல்லை. 10 கிலோமீட்டருக்குள் இதனால் பெரிதாக ஒன்றும் கெடாது, நீண்ட தூரத்தில் தெரியும். மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, மாற்றிவிடுங்கள்.

பி.1812

30 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை, கால் கிலோமீட்டரிலிருந்து தொடங்கி. ஐடியூ பரிந்துரை என்பதால் அவ்வப்போது திருத்தப்படுகிறது. முகடுகளைக் கையாள்வதில் இது மந்திரவாதி ஒன்றும் இல்லை. இரு முனைகளிலிருந்தும் மிகச் செங்குத்தாக எழும் பார்வைக்கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஒரு கற்பனை முகட்டை வைத்து, பூமியின் வளைவுக்கு ஒரு திருத்தம் சேர்க்கும். அடுக்கு முகடுகளில் இதுவும் இழப்பைக் குறைத்துச் சொல்லக்கூடும். வணிக மென்பொருள்களில் இருக்கும் டேகூ முறை முகடுகளைத் தனித்தனியாக எண்ணும்; ஆனால் அது மறுபக்கம் சாய்ந்து இழப்பைக் கூட்டிச் சொல்லிவிடும்.

அப்படியானால் லாங்லி-ரைஸைவிட இதை ஏன் மேலே வைக்கிறேன்? மரத்துக்காகத்தான். நிலத்தின் குறுக்குவெட்டு மேலேயே மரம், வீடு ஆகியவற்றின் உயரத்தை ஏற்றிக் கணக்கிட இதில் இடம் இருக்கிறது. காடு என்றால் 15 மீட்டர் என்பது அதன் பொது மதிப்பு. நீலகிரியின் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) அதைத் தாண்டி நெடுநெடுவென்று வளரும். அந்த இடங்களில் எண்ணை நாமே ஏற்ற வேண்டும். தேயிலைச் செடியோ இடுப்பளவு. நடுவில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மட்டும்தான் உயரம். நிலப்பயன்பாட்டு வரைபடம் ஒரு தேயிலைச் சரிவை ‘மரக்காடு’ என்று குறித்திருந்தால், நன்றாக சிக்னல் கிடைக்கும் பாடியை (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை) நாம் கணக்கிலேயே இருட்டடித்துவிடுவோம். வரைபடத்தை அப்படியே நம்பாமல் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, டவருக்கு நேரே உள்ள முகட்டையும் ஊர் இருக்கும் பகுதியையுமாவது கண்ணால் சரிபார்ப்பது நல்லது.

குறை என்னவென்றால், சொடுக்கினால் படம் வரையும் இலவச மென்பொருளில் இது அவ்வளவாக இல்லை. பைதான் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பொதுவில் கிடைக்கும் நிரலை ஓட்டிவிடலாம்.

ரே டிரேசிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒவ்வொரு கட்டடச் சுவரிலும் அலை பட்டுத் திரும்புவதைப் பின்தொடரும் முறை. சென்னை தியாகராய நகரில் 3500 பேண்டுக்குச் சின்ன செல்களை (குறைந்த வீச்சுள்ள சிறு நிலையங்களை) எந்தக் கம்பத்தில் மாட்டுவது என்ற கேள்விக்கு இதுதான் சரி. அதற்கு முப்பரிமாணக் கட்டட வரைபடம் வேண்டும். மலைக்கிராமத்தில் அது கிடைக்காது. கிடைத்தாலும் அங்கே சிக்னலைத் தின்பது சுவர் அல்ல.

உயரப்படம்: விடை மாறும் இடம்

பெரும்பாலான இலவச மென்பொருள்கள் எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவைத்தான் இழுத்துப் போடும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ரேடார் மூலம் எடுத்தது. அமெரிக்காவுக்கு வெளியே பல ஆண்டுகள் 90 மீட்டர் கட்டமாகத்தான் (90 மீட்டருக்கு ஓர் உயரம்) கிடைத்தது. பிறகுதான் 30 மீட்டர் கட்டம் எல்லோருக்கும் திறந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நிறுவியவர்கள் இன்னும் 90-லேயே இருப்பார்கள். 90 மீட்டர் கட்டத்தில் கூரான முகட்டின் உச்சி சுற்றியிருக்கும் சரிவோடு சேர்ந்து சராசரியாகித் தாழ்ந்துவிடும். அப்போது கணக்கில் அலை ஜம்மென்று தாண்டிப் போகும்.

எவ்வளவு பிழை பரவாயில்லை? மேலே போட்ட உதாரணத்தையே எடுங்கள். முகடு 60-க்குப் பதில் 50 அல்லது 70 மீட்டர் என்றால், 27 டெசிபெல் என்பது 25.5 அல்லது 28.5 ஆகும். ஒன்றரை டெசிபெல்லுக்கு யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் முகட்டின் உச்சி நேர்கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். அப்போது இழப்பு 6 டெசிபெல். உண்மையில் அது 10 மீட்டர் கீழே இருந்தால் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. 10 மீட்டர் மேலே இருந்தால் 13 டெசிபெல். அதே 10 மீட்டர் பிழைதான். ஆழமான நிழலில் அது ஒன்றும் செய்யவில்லை, நிழலின் ஓரத்திலோ ஊருக்கு சிக்னல் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. புது டவருக்கு இடம் தேடும்போது நாம் சண்டை போடுவதும் பெரும்பாலும் இந்த ஓரத்தில் இருக்கும் ஊர்களுக்காகத்தான்.

மரமும் இங்கே குறுக்கே வரும். எஸ்ஆர்டிஎம் ரேடார் அடர்ந்த மரத்தின் உள்ளே முழுதாக இறங்கித் தரையைத் தொடவில்லை. இலைப்பரப்பின் ஒரு பகுதி உயரத்திலேயே சேர்ந்திருக்கிறது. கற்பூரக் காடு நிற்கும் முகட்டில் அந்த உயரத்தின் மேல் இன்னும் 15 மீட்டர் ஏற்றினால் மரத்தை ஒன்றரை தரம் எண்ணியதாகும். 2000-க்குப் பிறகு அந்தக் காட்டை வெட்டியிருந்தால் தலைகீழ்ப் பிழை. ஜெர்மானிய ரேடார் செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து வந்த கோபர்நிகஸ் 30 மீட்டர் படம் இதைவிடப் புதியது, முகடுகளும் கூர்மையாகத் தெரியும். இஸ்ரோவின் கார்ட்டோசாட் உயரப்படம் புவன் தளத்தில் கிடைக்கிறது. என் பழக்கம், கோபர்நிகஸில் ஒரு முறை, எஸ்ஆர்டிஎம்மில் ஒரு முறை என்று இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது.

அளந்து பார்ப்பது

மேலே வந்த எந்த எண்ணும் நடுநிலை மதிப்பு மட்டுமே. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி இடங்களில் அதைவிட நன்றாகவும் பாதி இடங்களில் மோசமாகவும் இருக்கும். ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 8 டெசிபெல் என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் பேச வேண்டும் என்றால் 10 டெசிபெல்லைக் கையிருப்பாக ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாடல் பொய் சொல்கிறது என்று புகார் செய்பவர்கள் அதிகம்.

டிரைவ் டெஸ்டுக்கு (வண்டியில் சுற்றி சிக்னலை அளப்பதற்கு) விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. அந்தப் பகுதியில் ஏற்கெனவே நிற்கும் ஒரு டவரின் இடமும் பேண்டும் தெரிந்தால், ஆர்எஸ்ஆர்பி பதிவு செய்யும் செயலி போட்ட ஒரு போன் போதும். போன் நடுவில் வேறு செல்லுக்கு (இன்னொரு டவர் அல்லது ஆண்டெனாவின் பகுதிக்கு) தாவிவிடும், எனவே செல் அடையாள எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரே புள்ளியில் நின்று எடுத்த ஒற்றை அளவுக்கு மதிப்பில்லை. இரண்டடி தள்ளி நின்றால் மாறிவிடும். 40 அலைநீளத் தூரத்துக்குச் சராசரி எடுப்பது வழக்கம், 900-ல் அது ஏறக்குறைய 13 மீட்டர்.

அளந்ததையும் கணித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பலரும் மொத்தச் சராசரி வித்தியாசத்தை எடுத்து, ‘7 டெசிபெல் கூட்டிவிடு’ என்று எல்லா இடத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். இது மலைக்கு ஆகாது. டவர் நேரே தெரியும் இடங்களையும் முகட்டுக்குப் பின்னால் உள்ள இடங்களையும் முதலில் பிரித்துவிடுங்கள். நேரே தெரியும் இடங்களிலேயே வித்தியாசம் இருந்தால் தவறு டவரின் சக்தியிலோ ஆண்டெனா திசையிலோ நாம் வைத்த அனுமானத்தில் இருக்கும். பின்னால் மட்டும் வித்தியாசம் என்றால் உயரப்படத்தையோ மர உயரத்தையோ பாருங்கள்.

சரி, எதை எடுப்பது?

எஸ்டேட்டுக்கு 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கி ரிப்பீட்டர் என்றால் லாங்லி-ரைஸ் தாராளமாகப் போதும். அந்த அலைவரிசையில் முகடும் மரமும் அவ்வளவு கொடுமைப்படுத்தாது. ரேடியோ மொபைலில் படம் எடுத்து, தற்காலிகமாக ஒரு மூங்கில் கம்பத்தில் ஆண்டெனாவைத் தூக்கிப் பேசிப் பார்த்தால் முடிந்தது. உரிமம் வாங்குவது வேறு கதை.

டெல்டாவில் 4ஜி டவர்களுக்கு இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் ஹாட்டா, அத்தோடு கொஞ்சம் டிரைவ் டெஸ்ட். மலையில் 700, 900 பேண்டில் புது டவர் என்றால் பி.1812, 30 மீட்டர் உயரப்படம், முகட்டில் உள்ள மரத்துக்குக் கைப்பட வைத்த உயரம். அதே டவரில் 3500-ஐயும் ஏற்றப்போகிறீர்கள் என்றால் தனியாக இன்னொரு தரம் ஓட்ட வேண்டும். 900-ன் படத்தை வைத்து அதை ஊகிக்கக் கூடாது.

இரண்டு மேடுகளில் எதை எடுப்பது என்று இழுபறி என்றால், இரண்டு மேட்டுக்கும் இரண்டு உயரப்படங்களிலும் ஓட்டி நான்கு படங்களை அருகருகே வையுங்கள். இரண்டு உயரப்படங்களும் ஒரே மேட்டைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம். மாற்றிச் சொன்னால், எந்தெந்த ஊரில் விடை மாறுகிறது என்று குறித்துக்கொண்டு அந்த ஊர்களுக்கு மட்டும் கருவியோடு போய் வந்தால் போதும்.